ஐம்பதாம் சைஸ்காரர்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காற்றாடிக் காற்று எல்லோர் மேலும் படுகிற மாதிரி நெருங்கி உட்காருங்கள். பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும். இன்றைக்கு மந்தைவெளிக்காரர் ஒருவருடைய கதை சொல்கிறேன். பயப்படுகிற கதை இல்லை. நடுவில் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முந்தின வாரம், மந்தைவெளி பஸ் நிலையத்தில் தி.நகர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த வலியுல்லாவின் தோளில் பனி பெய்தது. நம் ஊரில் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்குமே, அந்தப் பனி அல்ல. குளிர்தேசங்களில் கூரையையும் மரத்தையும் மூடிக்கொண்டு கிடக்குமே, பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி, அது. அவருடைய இரண்டு தோளிலும், முதுகிலும், கைகளில் மணிக்கட்டு வரையிலும் விழுந்தது. தலையில் விழவில்லை, இடுப்புக்குக் கீழே விழவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா இசக்கியம்மாள் மேல் ஒரு பொட்டுகூட விழவில்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அந்த வாரம் கரும்பு விலை கொஞ்சம் ஏறியிருந்தது, மஞ்சள்கொத்து மலிவு. இசக்கியம்மாள் நிமிர்ந்து பார்த்து, “இன்னா பாய், சுண்ணாம்பு டப்பாவ மேல கவுத்துக்கினியா?” என்றாள். வலியுல்லா தோளைத் தட்டிவிட்டுக்கொண்டே, “இல்லம்மா, அங்க பெய்யிது” என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை, பஸ் வந்துவிட்டது. அடுத்த நாள் எதிர்ப்புறம் இருந்த சர்பத் கடைக்காரர் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்து, தொந்தரவு இல்லையென்றால் வழித்துக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். நன்னாரி சர்பத்துக்கு அந்தப் பனி நன்றாகவே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

எப்படி ஆனது என்று கேட்பீர்கள், சொல்கிறேன். வலியுல்லா அதற்குப் பல வருடம் முன்னால் கூரியர்காரராக இருந்தவர். மூட்டையை இடது தோளில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று ஏறி இறங்கினவர். ஒல்லியான ஆள். நீண்ட கை, ஒடுங்கிய தோள், நடு வயதிலும் பையன் இடுப்பு. பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், தோல் ஜாக்கெட்டுகள் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றின் சாம்பிள் அறை இருந்தது. ஜாக்கெட் என்றதும் ரவிக்கையை நினைக்காதீர்கள். எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள்காரர்களும் விமானம் ஓட்டினவர்களும் போட்டுத் திரிந்தார்களே, அந்தத் தோல் ஜாக்கெட். அதே மாதிரி வேண்டும், அதே தையல், அதே கொக்கி, அதே கனத்த ஜிப் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தேசங்களில் இருக்கிறார்கள். கம்பெனி அங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு கிழட்டு ஜாக்கெட்டை வாங்கும். தையலைப் பிரித்து, துண்டு துண்டாகப் பழுப்புக் காகிதத்தில் பரப்பி, ஓரம் வரைந்து, ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோலில் புதிதாக வெட்டி, பெருங்குடித் தொழிற்சாலையில் தைத்து அனுப்பும்.

கஷ்டம் என்னவென்றால், அந்தக் காலத்து வெட்டு இந்தக் காலத்து உடம்புக்குச் சேராது. அக்குள் மேலேறி இருக்கும். நீளம் இடுப்பெலும்போடு முடிந்துவிடும். கையைத் தூக்கினால் கை மட்டும் போக வேண்டும், உடம்புப் பகுதி கூடவே எழும்பக் கூடாது. கம்பெனி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அளவுப் பொம்மையோ நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பொம்மை, ஜிப் பாதியில் நின்றுவிட்டது. வெட்டுக்கு வரைந்து கொடுக்கிற பாட்டர்ன் மாஸ்டர் பீர் முஹம்மது தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான், பெல்ஜியத்திலிருந்து வந்த இன்னொரு பழைய ஜாக்கெட் பார்சலோடு வலியுல்லா படியேறி வந்தார். மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார், பார்சலைப் பிரித்து ஜாக்கெட்டை நீட்டினார். “நைனா, கையெழுத்து அப்புறம் வாங்கிக்கோ, முதல்ல இத மாட்டு” என்றார். மாட்டினார். ஜிப் தொண்டைவரை தானாக வந்து நின்றது. கையைத் தூக்கச் சொன்னார், கை மட்டும் போனது. மாஸ்டர் இரண்டு சுற்று சுற்றி வந்து, “எவனோ பெல்ஜியத்துக்காரன் உனக்குன்னே தெச்சி வெச்சிட்டு செத்துப் பூட்டான் நைனா” என்றார். அந்த வாரமே வலியுல்லா கூரியர் மூட்டையை இறக்கி வைத்தார். அந்தத் தேசத்து அளவுக் கணக்கில் அது ஐம்பது, அன்றிலிருந்து அவர்தான் கம்பெனியின் ஐம்பதாம் சைஸ்.

வேலை பெரிதாக ஒன்றும் இல்லை, நிற்க வேண்டும். தைத்த சாம்பிளைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க வேண்டும், மோட்டார் சைக்கிளில் குனிந்து உட்காருகிற மாதிரி ஸ்டூலில் உட்கார வேண்டும், கடைசியாக மாஸ்டர் “கட்டு!” என்பார். உடனே இரண்டு கையையும் மார்பின் குறுக்கே போட்டு, தன் தோள்களைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகுத் தையல் விரியாமல் தாங்குகிறதா என்று பார்க்கிற சோதனை அது. தையல் முனகுகிற வரைக்கும் இறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை வலியுல்லா தன்னைத் தானே கட்டிக்கொண்டார், பார்த்தவர்கள் யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை.

பீர் முஹம்மது ஒரு தப்பு செய்தார். நகல் எடுக்கிறவன் பழைய உருப்படியைத்தான் பார்த்து வரைய வேண்டும். இவ்வளவு கச்சிதமான உடம்பு எதிரே நின்றதும் அவருக்குக் கை தடம் மாறிவிட்டது, ஜாக்கெட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்து வரைந்துவிட்டார். கூரியர் மூட்டை சுமந்து சுமந்து வலியுல்லாவின் இடது தோள் நூலிழை இறங்கியிருந்தது. அந்த இறக்கம் காகிதத்தில் ஏறி, தோலில் ஏறி, முதல் சரக்குப் பெட்டியில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாஸ்டர் கவனித்தார். வாயைத் திறக்கவில்லை. அங்கே வாங்கினவர்கள், அந்தக் காலத்து மனிதனின் தோள் அப்படியே வந்திருக்கிறது என்று புகழ்ந்தார்கள். செத்துப்போன பெல்ஜியத்துக்காரரின் உடம்புக்குப் பதிலாக மந்தைவெளி வலியுல்லாவின் உடம்பு கப்பலேறிப் போனது இப்படித்தான். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்தது.

உடம்பு அரை அங்குலம் மாறினாலும் சாம்பிள் எல்லாம் கெட்டுவிடும். அதனால் வாரம் ஒருமுறை, கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற சாருலதா டேப் பிடித்துப் பார்ப்பாள். மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் பக்கத்துப் பெண், நல்ல மாதிரி, ஆனால் டேப் விஷயத்தில் கறார். வலியுல்லாவும் பயந்து பயந்து சாப்பிட்டார். ரொட்டி, வேகவைத்த முட்டை, கொஞ்சம் சுண்டல். சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவார், துவா முடிந்ததும் சஹனில், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டில், பிரியாணி வந்து இறங்கும், இவர் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தால் எந்த வீட்டுக்காரருக்குத்தான் மனசு ஆறும்? முதலில் கோபித்துக்கொண்டார்கள். பிறகு அழைப்பது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. பெண் கொடுக்கலாம் என்று நினைத்த ஒரு குடும்பமும், சாப்பாட்டை வேண்டாம் என்கிறவன் சம்பாத்தியத்தை யாருக்குக் கொடுப்பான் என்று யோசித்துப் பின்வாங்கியது. மந்தைவெளி ரயில் நிலையத்தை ஒட்டி, மொட்டைமாடியில் ஒற்றை அறை. பாலத்தில் ரயில் போனால் அலமாரியில் இருந்த ஒரே டம்ளர் நடுங்கும். வருடங்கள் அப்படியே போயின. அளவு மாறவே இல்லை.

முதல் சரக்கு போன சில மாதத்தில், பஸ்ஸில் யாரோ தன் பையில் கைவிடுவதை உணர்ந்து வலியுல்லா சட்டென்று பிடித்தார். கை எதுவும் இல்லை. அங்கே ஜாக்கெட்டுக்கு நேருகிறதெல்லாம் அன்றிலிருந்து இவர் உடம்புக்கு வர ஆரம்பித்தது. ஏதோ ஒரு ஊரின் மழை, ஏதோ ஒரு ஊரின் சிகரெட் புகை. நாற்காலியில் போட்டு வைத்த ஜாக்கெட் மேல் பூனை ஏறிப் படுத்தால் இவருக்கு முதுகு கனக்கும். அங்கே கோடைகாலம் வந்து எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டினால், இங்கே இவருக்குப் பிடரியைப் பிடித்துத் தூக்கின மாதிரி குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும், கூடவே அந்துருண்டை வாசனை. கத்திரி வெயிலில் வலியுல்லா முன்பாதத்தில் நடந்து காய்கறி வாங்கப் போவதைத் தெருவே பார்த்திருக்கிறது. அடையாறில் ஒரு டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே பனிக்காற்று அடிக்கிறது, மற்றபடி கோளாறு இல்லை, சுடுதண்ணீர் குடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இத்தனை ஜாக்கெட்டும் சேர்ந்து சந்தை இரைச்சல் மாதிரிதான் அவருக்கு எட்டும். ஒன்று மட்டும் துல்லியமாக வந்தது. அவர் உடம்பின் மேலேயே வைத்து முதன்முதலாகத் தைத்த உருப்படி அது. எந்த ஊருக்குப் போனதோ தெரியாது.

அந்த ஜாக்கெட் வழியாகத்தான் அணைப்பு வந்தது. அங்கே விடிந்து வேலைக்குப் புறப்படுகிற நேரம், இங்கே மத்தியானச் சாப்பாட்டு வேளை. யாரோ சின்ன உருவம், வலியுல்லாவின் நெஞ்சு உயரம்தான் இருக்கும், ஜாக்கெட்டின் அடியில் கையை நுழைத்து இடுப்பைச் சுற்றிக்கொண்டு, ஜிப் ஓரத்தில் கன்னத்தை வைக்கும். கொஞ்ச நேரம். அப்புறம் விட்டுவிடும். கதவு சாத்துகிற அதிர்வு ஒன்று தோளில் தெரியும். வேறு எவனுக்கோ வந்த அணைப்பு என்று வலியுல்லாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சொல்லுங்கள், அந்த மனிதரை வேறு யார் தொட்டார்கள்? டேப் ஒன்றுதான். அதனால் சாம்பிள் அறையில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, அவர் மட்டும் எழுந்து மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டில், தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். அது வரும். போன பிறகு வெகுநேரம் அப்படியே தோள் தொங்க உட்கார்ந்திருப்பார்.

ஜாக்கெட்டுக்கு உள்துணி, அதுதான் லைனிங், தைக்கிற நஸ்ருன்னிசா அதைப் பார்த்திருக்கிறாள். கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலம், மகள் சிம்ரா கல்யாணமாகி வாணியம்பாடி போய்விட்டாள். இரண்டு பேருக்கு ஆக்கிப் பழகிய கை ஒருவருக்கு அளக்கத் தெரியாமல், தினமும் டப்பா நிறையக் கொண்டுவருவாள். “பாய், ஒரு வாய் துன்னா அளவு பூடாது” என்று படிக்கட்டு அடியில் நின்று கூப்பிடுவாள். “இல்லம்மா, இப்ப வேணாம்” என்பார் வலியுல்லா, யாரோ வருகிற நேரத்தில் வாசலை மறைத்தவளிடம் சொல்வதுபோல. அவள் போய்விடுவாள். மறுநாளும் கூப்பிடுவாள்.

மயிலாப்பூர் பங்குனி உத்சவத்தில் அறுபத்துமூவர் உலா அன்று, வலியுல்லா மாடவீதி நெரிசலில் அகப்பட்டுக்கொண்டு நீர்மோர்ப் பந்தல்வரை தள்ளப்பட்டார். அதே நாளில், ஆளே இல்லாத தெருவில் நடக்கும்போது நாலு பக்கமும் இடிபட்டதாகவும், ஜாக்கெட்டில் பெருங்காய வாசனை வருவதாகவும், பல ஊர்களிலிருந்து கம்பெனிக்குப் புகார் வந்தது. இங்கிருந்தும் அங்கே போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதைக்கூட மன்னித்தார்கள். இன்னொரு புகார்தான் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சாருலதா அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கே வந்தாள்.

“வலியுல்லா சார், தினம் காத்தால ஆத்தை விட்டுக் கிளம்பினதும், ஜாக்கெட் போட்டுண்டவா எல்லாருக்கும் தோள் தொங்கிப் போயிடறதாம். திரும்ப ஆத்துக்கே போயிடலாம் போல இருக்காம். ஃபிட் பிரமாதம், ஆனா உள்ள ரொம்பத் தனியா இருக்குன்னு எழுதறா. நீங்க இந்த நேரத்துல இங்க உக்காந்துண்டு என்னதான் பண்றேள்?”

“சும்மாதான்மா.”

“அடுத்த சீசனுக்குள்ள சரியாகலேன்னா ஆளை மாத்தச் சொல்றா. கீழ வந்து எல்லாரோடவும் சாப்பிடுங்கோளேன்.”

வலியுல்லா தலையை ஆட்டினார், போகவில்லை. ஆளை மாற்றினால் அணைப்பும் அறுந்துபோகும் என்று நம்பினார். கீழே போனாலும் அத்தனை பேர் பேச்சில் அது கை நழுவிவிடும் என்று நம்பினார். எப்படிப் பார்த்தாலும் இழப்பது அதுவாகத்தான் இருந்தது. அதனால் முதுகை நிமிர்த்தி உட்காரப் பழகினார். புகார் கொஞ்சம் குறைந்தது. வேலை தப்பியது.

ஆனால் அணைப்பு தானாகவே நின்றது. நான் முதலில் சொன்னேனே, பனி பெய்த அந்தப் பொங்கலுக்குப் பிறகு, தை மாதம், ஒரு மத்தியானம் அணைப்பு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. விடவே மனசில்லாத மாதிரி. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் பிடரி எழும்பியது. எல்லா ஜாக்கெட்டும் குளிரில் வெளியே திரிகிற காலத்தில், இது ஒன்று மட்டும் கொக்கியில் தொங்கியது. போட்டுக்கொண்டவருக்கு என்ன ஆனது என்று வலியுல்லாவுக்குச் சொல்ல யாரும் இல்லை. கேட்கவும் வழி இல்லை. தோலுக்கு எட்டுகிறது மட்டும்தான் அவருக்கு எட்டும். மத்தியானம் தண்ணீர்த் தொட்டி நிழலில், குதிகால் படியில் படாமல், காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரொட்டியையும் விட்டுவிட்டார், இறங்கவில்லை. டேப் முதன்முறையாக உள்பக்கமாக நழுவியது. சாருலதா இரண்டு தரம் அளந்து பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டாள்.

மாசி பிறந்த பிறகு, ஒரு மத்தியானம், ஜாக்கெட்டின் வலது பையில் ஒரு சின்னக் கை நுழைந்தது. எதையும் தேடவில்லை. உள்ளேயே முட்டி மடங்கிக் கிடந்தது. வலியுல்லாவுக்கு விலாவோரம் சூடாக இருந்தது. அந்தக் கை யாருடையது என்று அவருக்குத் தெரியும். இடுப்பைச் சுற்றி வருகிற கையை அவருக்குத் தெரியாதா? பிறகு கொக்கி விடுபட்டது, பிடரி இறங்கியது, குதிகால் படியைத் தொட்டது. தினமும் கட்டிக்கொண்டு வழியனுப்பினவள் அதைத் தானே போட்டுக்கொண்டாள். தோள் தையல் அவள் தோளுக்கு வெளியே சரிந்தது. கை நுனி விரலுக்கும் கீழே தொங்கியது. அவருடைய உடம்புக்குள் இன்னொரு சின்ன உடம்பு வந்து ஒடுங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடம் வாங்கினதற்குத் திருப்பிக் கொடுக்க இதுதான் சமயம் என்று வலியுல்லா நினைத்தார். அவருக்குத் தெரிந்த அணைப்பு ஒன்றே ஒன்று. இரண்டு கையையும் மார்பின் குறுக்கே போட்டு, தோளைப் பிடித்து, தையல் முனகுகிற வரைக்கும் இறுக்கினார். உள்ளே குலுங்கல் நின்றது. ஒரு திடுக்கிடல். அவள் ஜாக்கெட்டைக் கழற்றி வீசினாள். வலியுல்லா படிக்கட்டிலிருந்து உருண்டு, கீழ்ப்படியில் டப்பாவோடு நின்றுகொண்டிருந்த நஸ்ருன்னிசாவின் காலடியில் வந்து விழுந்தார்.

“இன்னா பாய், தனியா குந்திக்கினு உங்களையே கட்டிப்புடிச்சி உருள்றீங்க? ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா?”

சிரிக்கத்தான் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்ததும் டப்பாவைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வலியுல்லா எல்லாவற்றையும் சொன்னார். அணைப்பைப் பற்றி ஒரு மனுஷியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. நஸ்ருன்னிசா, ஊரில் இல்லாத அதிசயம் எதையும் கேட்டவள் போலத் தெரியவில்லை. மூடியைத் திறந்துகொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

“காலைல இன்னா துன்னீங்க?”

“டீ.”

“நேத்து?”

யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

“பசியோட கட்டிப்புடிச்சா யாருக்கு பாய் புடிக்கும்? உடும்பு மாதிரி இருந்திருக்கும். பாவம், அந்தம்மா பயந்து பூட்டிருக்கும். லைனிங்க எப்பவும் தோலவிட கொஞ்சம் லூசா வெட்டணும், இல்லாங்காட்டி கைய தூக்குனா கிழிஞ்சிடும். அத்த மாதிரி லூசா புடிக்கணும். மொதல்ல சாப்புடுங்க.”

கத்திரிக்காய் போட்ட தால்ச்சாவும் சோறும். வலியுல்லா சாப்பிட்டார். நடுவில் கையை எடுக்கப் போனபோது அவள் இன்னொரு கரண்டி வைத்தாள்.

மறுநாளும் சாப்பிட்டார்கள், அதற்கு மறுநாளும். அதே படிக்கட்டுதான். ஜாக்கெட் எங்கேயோ தரையிலேயே கிடந்தது, அவருக்கு ஒரு பக்கம் சில்லென்று இருந்துகொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் அவள் அதை எடுத்தாள். தூசி தட்டினாள். கை ஒவ்வொன்றாக நுழைந்தது. வலியுல்லா கையில் பிசைந்த சோற்றோடு அசையாமல் உட்கார்ந்தார். கட்டவில்லை, இறுக்கவில்லை. நஸ்ருன்னிசா பக்கத்தில் சும்மா வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வயிற்றில் சோறு இருந்த சூடு மெல்ல நெஞ்சுக்கு ஏறி, தோளுக்கு வந்து, இறங்கின இடது தோள் வழியாக எங்கேயோ போனது. உள்ளே இருந்தவள் நடுங்கினாள், பிறகு நடுக்கம் நின்றது. காலரைத் தூக்கி முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழற்றவில்லை. கறிவேப்பிலை வாசனை அவளுக்கு எட்டியதோ என்னவோ.

அப்படியே மாதங்கள் போயின. அங்கே மற்ற ஜாக்கெட்டெல்லாம் கோடைக்கு அலமாரி ஏறின. அவள் மட்டும் தினமும் அங்கே விடிகிற நேரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். கொஞ்ச நாள் போனதும் உட்காருகிறதை விட்டு நடந்தாள். ஒருநாள் ஏதோ சின்ன அதிர்வு, விட்டு விட்டு வந்தது. அழுகிறாள் என்று நினைத்து வலியுல்லா தட்டைக் கீழே வைத்தார். அப்புறம்தான் அது சிரிப்பு என்று புரிந்தது. யாரிடம் சிரித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று தெரியாது. அவரும் சிரித்தார். நஸ்ருன்னிசா, “இன்னாவாம்?” என்றாள். “தெரில” என்றார்.

ஐப்பசி மழை தொடங்கின சமயம், தி.நகரில் முழங்கால் தண்ணீர். படிக்கட்டில் நனையாத கீழ்ப்படியாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வலியுல்லாவின் கை பாதியில் நின்றது. இரண்டு மணிக்கட்டிலும் சில்லென்று இரும்பு ஓடியது. பிறகு வரிசையாக ஊசி.

“இன்னா ஆச்சி பாய்?”

“கைநீளத்த கொறைக்கிறாங்க.”

நஸ்ருன்னிசா தைக்கிறவள், அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. “அந்தம்மா அளவுக்கா?”

“ஆமா.”

“தோளு?”

“அதையும் பிரிக்கிறாங்க.”

ஊசி ஒரு தோளை முடித்து இன்னொரு தோளுக்கு வந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஜாக்கெட் அவரிடமிருந்து ஒரு விரற்கடை விலகியது. இறங்கியிருந்த இடது தோளைத்தான் கடைசியில் நிமிர்த்தினார்கள். அது முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், வலது பைக்குள் அந்தக் கை வந்தது. எப்போதும் முட்டி மடங்கியிருக்கிற கை. அன்றைக்கு விரல் ஐந்தையும் விரித்து, அவர் விலாவில் அப்படியே பதிந்தது. அப்புறம் ஊசி நூலை இழுத்து முடிச்சுப் போட்டது. ஒன்றும் இல்லை. மழை தண்ணீர்த் தொட்டி மேல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வலியுல்லா தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். நேரம் பிடித்தது. நஸ்ருன்னிசா அவர் முடிக்கிற வரைக்கும் தன் கையைக் கழுவாமல் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஜாக்கெட்டைப் பற்றி அவருக்குச் சேதி எதுவும் வரவில்லை. அவளுக்கு நன்றாகப் பொருந்தியிருக்கும் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுவருடம் வலியுல்லாவுக்கும் நஸ்ருன்னிசாவுக்கும் பள்ளிவாசலில் எளிமையாக நிக்காஹ் நடந்தது. வாணியம்பாடியிலிருந்து சிம்ரா வந்திருந்தாள். கோபித்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள், இந்த ஆள் தன் கல்யாணத்திலாவது சாப்பிடுகிறானா பார்க்கலாம் என்றே வந்தார்கள். சஹனில் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். கல்யாணம் கழிந்து டேப் பிடித்த சாருலதாவுக்கு முனை எட்டவில்லை. அரை அங்குலம். அவள் பயந்துகொண்டு காத்திருந்தாள். அதே வாரம் எல்லா ஊரிலிருந்தும் கடிதம் வந்தது. “மாஸ்டர், அங்க எல்லாருக்கும் ஜாக்கெட் கொஞ்சம் இளகிக் கொடுத்திருக்காம். நல்ல தோல்னா இப்படித்தான் உடம்போட சேர்ந்து இளகும்னு கொண்டாடறா” என்றாள். பீர் முஹம்மது காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், “இளகாம இன்னாம்மா பண்ணும், தினம் தால்ச்சா துன்னுக்கினு கீது” என்றார். புது அளவில் புது பாட்டர்ன் வரைந்துகொண்டார்கள். இடது தோளை மட்டும் தொடவில்லை.

இப்போதும் பொங்கல் சமயத்தில் மந்தைவெளி பஸ் நிலையத்தில் வலியுல்லாவின் தோளில் பனி பெய்கிறது. நஸ்ருன்னிசா குடை பிடித்துப் பார்த்தாள். குடைக்கு அடியிலும் பெய்தது. அதனால் துப்பட்டா முனையால் தட்டிவிடுகிறாள், மிச்சத்தை சர்பத் கடைக்காரர் டம்ளரில் வாங்கிக்கொள்கிறார். மத்தியானம் சில நாள், வாயருகே போன கை நின்றுவிடும். ஏதோ வரப் போகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து உட்கார்ந்திருப்பார். எதுவும் வராது. நஸ்ருன்னிசா பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அவர் கண்ணைத் திறந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. தூங்குகிற பிள்ளையை மெதுவாகத் தூக்குங்கள். உங்கள் வீட்டு உலை தினமும் கொதிக்கட்டும். ஒரு கை அரிசி எப்போதும் கூடுதலாகவே அதில் விழட்டும். காலையில் வெளியே போகிறவரை வாசலில் நிறுத்திப் பிடிக்க ஒரு ஆள் இருக்கட்டும். பிடிக்கிற கை தளர்வாக இருக்கட்டும், சீக்கிரம் விடாமலும் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் தோளில் பனி பெய்தாலும், தட்டிவிடப் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். நல்லா இருங்க எல்லாரும், நிறைஞ்சு இருங்க.